ஓலைவெடியும் வரித்தலை வாத்தும்

மார்கழிக் காலை. சுரண்டை போகும் சாலையோரம் ஒரு குளத்துக்கரையில் கேமராவோடு மண்டியிட்டிருக்கிறேன். மூடுபனி விலக விலக வரித்தலை வாத்துகள் தெரிகின்றன. குளிருக்கு ஒதுங்க இமயமலையைத் தாண்டி வந்தவை, இங்கே கரையோரப் புல்லை மேய்கின்றன. வெயில் ஏறினால் தாமாகவே எழும்பும் என்று காத்திருக்கிறேன்.

படார்!

கூட்டம் மொத்தமும் அலறிக்கொண்டு எழும்புகிறது. திரும்பிப் பார்த்தால், குற்றாலத்திலிருந்து என்னைக் கூட்டிவந்த ஆட்டோக்காரர் கையில் ஊதுபத்தியோடு நிற்கிறார். மறு கையில் தீபாவளிக்கு மிஞ்சிய ஓலைவெடிக் கட்டு.

"எடுங்க சார், எடுங்க! பறக்குது பாருங்க!"

"அறிவிருக்கா அண்ணாச்சி? யாரு உங்கள வெடி போடச் சொன்னது?"

அவர் முகம் சுருங்குகிறது. "நீங்கதான சார் வண்டியில ஏறும்போது போன்ல ஒரு படத்தக் காட்டி, இதே மாதிரி எடுக்கணும்னு சொன்னிய?"

"அதுக்கு?"

"அது இந்தக் குளந்தான் சார். அன்னைக்கும் நாந்தான் வெடி போட்டேன். கேமராவோட வாறவங்க எல்லாரும் பறக்குறதத்தான கேக்குதாவ? மேயுறத யாரு எடுக்கா?"

வாத்துகள் இறங்கப் பயந்து குளத்தைச் சுற்றிச் சுற்றி வருகின்றன. இவரை இன்னும் திட்டிப் பயனில்லை. திட்டு போய்ச் சேர வேண்டிய ஆள் வேறு. போனைத் திறந்து அந்தப் படத்தைப் பார்க்கிறேன். பொன் வெயிலில் சிறகு விரித்த கூட்டம். கீழே, எடுத்தவன் கொடுத்திருக்கும் தலைப்பு: 'சுதந்திரம்'.

சுதந்திரமாம்! வெடிக்குப் பயந்து சிதறி ஓடுவதற்கு அவன் வைத்திருக்கும் பெயர்.