பெட்டியில் ஒட்டிய பெயர்

முதலில் காட்டிக்கொடுத்தது என் கட்டைவிரல்தான். வேலை முடிந்து கால் கழுவும்போது கணுக்காலுக்கு மேலே தற்செயலாக அழுத்தினேன். குழி விழுந்தது. விரலை எடுத்த பிறகும் அது மேலே எழும்பவில்லை.

உங்களில் யாருக்காவது அப்படிக் குழி விழுந்தால் தாமதிக்காதீர்கள். நான் தாமதித்தேன். ரங்கூனுக்கு எதிர்க்கரையில், டாலாவில் ஓர் அரிசி ஆலையில் அப்போது மூட்டை சுமந்துகொண்டிருந்தேன். உடம்பைப் பார்த்துக்கொண்டு உட்கார அங்கே யாருக்கும் நேரம் கிடையாது.

வீக்கம் முழங்காலைத் தாண்டியது. நாலடி நடந்தால் மூச்சு இரைத்தது. முத்துக்கருப்பன் மேஸ்திரி (எங்கள் கூலிக்கூட்டத்தின் தலைவன்) என் காலைப் பிரம்பால் தட்டிப் பார்த்தான்.

"நடிக்கிறியாடா?"

எழுந்து நிற்க முயன்று விழுந்தேன்.

"இவன் இனி எந்திரிக்க மாட்டான். பாடைக்கு மூங்கில் பாருங்கடா" என்றான். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அவனுக்குப் பயந்து சிரித்தார்கள் என்று பின்னால் சொன்னார்கள். சிரிப்பு சிரிப்புதான்.

கொட்டகையில் பிணம் விழுந்தால் போலீஸ் வரும் என்று, மறுநாள் விடியுமுன் என்னை ஒரு சம்பானில் (துடுப்புப் படகில்) ஏற்றி அக்கரைக்கு அனுப்பினான். ரங்கூன் படகுத்துறைப் படிக்கட்டில் என்னை இறக்கிவிட்டுப் படகு திரும்பிவிட்டது. தண்ணீர் கேட்கக்கூட எனக்குக் குரல் வரவில்லை. அங்கே கிடந்தபடி ஒன்றே ஒன்றைத்தான் வேண்டிக்கொண்டேன்: அவன் எனக்கு முன்னால் சாக வேண்டும்.

சீனத்தெருவில் ஒரு தர்மச் சங்கம் இருந்தது. தெருவில் கேட்பாரில்லாமல் செத்துக் கிடப்பவர்களைக் கைவண்டியில் எடுத்துப்போய்ப் பெட்டியில் வைத்துப் புதைப்பது அவர்கள் செய்துவந்த தர்மம். கடைக்காரர்களும் தச்சர்களும் முறைவைத்துக் கூலியில்லாமல் செய்தார்கள். அந்த வண்டிதான் எனக்காகவும் வந்தது.

"ஐயோ, இது உசுரோட இருக்கு!" என்று ஒரு பெண் தமிழில் கத்தினாள். அவள் மா லான், வண்டியோடு வந்த சங்கத்துப் பெண். துறைமுகத்தில் நம் ஆட்களுக்கு நூடுல்ஸ் விற்றுத் தமிழ் கற்றவள்.

சங்கத்தின் பின்கட்டில் இலவச வைத்தியசாலை இருந்தது. அங்கிருந்த சீனச் சயா (வைத்தியரை பர்மாவில் அப்படித்தான் அழைப்போம்) நெடுநேரம் நாடி பார்த்தார். பிறகு பர்மிய மொழியில் ஏதோ கேட்டார்.

"என்ன சாப்பிட்டேன்னு கேக்குறாரு" என்றாள் மா லான்.

"சோறு. வெள்ளைச் சோறு. வேறென்ன?"

சயா தலையில் அடித்துக்கொண்டார். எனக்கு வந்திருந்தது பெரிபெரி (தவிடு போகத் தீட்டிய அரிசியையே தின்பதால் கால் வீங்கி, நெஞ்சு வரை போகும் நோய்). எங்கள் ஆலையில் தீட்டிய தவிடெல்லாம் பன்றிக்குப் போனது. எனக்கு மருந்து அந்தத் தவிடுதான். தவிட்டுக் கஞ்சி, சிவப்புப் பயறு, வேர்க்கடலை. மா லான் கிண்ணத்தைக் காலி செய்யும்வரை நகரமாட்டாள்.

வீக்கம் வடிய மழைக்காலம் முழுவதும் பிடித்தது. மரத்துப்போன பாதத்தில் உணர்ச்சி திரும்பியபோது நெருப்பில் வைத்ததுபோல் எரிந்தது. கத்தினேன். "கத்து தம்பி, கால் உசுரு வருது" என்றாள். அந்த எரிச்சலை முத்துக்கருப்பன் கணக்கில் எழுதிக்கொண்டேன். எனக்கு நிற்க வேண்டும் என்றிருந்தது. நின்று அவனைப் பார்க்க வேண்டும்.

நடக்கத் தொடங்கியதும் சங்கத்துத் தச்சர்களோடு சவப்பெட்டிக்குப் பலகை இழைத்தேன். ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் சிவப்புத் தாளில் ஒரு பெயர் எழுதி ஒட்டுவார்கள். செத்தவன் பெயர் என்று நினைத்தேன். வேறு எதற்குப் பெட்டியில் பெயர் எழுதுவார்கள்?

முழுப்பெட்டி ஒன்றை நானே இழைத்து முடித்த அன்று மா லான் சிவப்புத் தாளை நீட்டினாள்.

"இது ஒன் உழைப்பு. யாரு பேரு வேணுமோ எழுது."

தமிழில் பெரிதாக எழுதினேன்: முத்துக்கருப்பன் மேஸ்திரி, டாலா.

"யாரு இவரு?"

"என் மேஸ்திரி."

"ஒனக்கு நல்ல மனசு" என்று சிரித்தபடி பசை தடவி ஒட்டினாள். இவள் என்னைவிடக் கொடியவளாக இருக்கிறாளே என்று எனக்கு அவள்மேல் மரியாதை கூடியது.

அதிர்ஷ்டம் பாருங்கள், அந்தப் பெட்டி டாலாவுக்கே போனது. ஆலைக்குப் பக்கத்தில் தனியாய்க் கிடந்த சீனக் கிழவர் ஒருவர் இறந்திருந்தார். தூக்குவதற்கு நானும் வருகிறேன் என்றேன். ஆலைத் துறையில் இறங்கி, கிழவரை வைத்துப் பெட்டியைத் தோளில் ஏற்றி, என் சொந்தக் காலில் நடந்தேன். முத்துக்கருப்பன் வாசலில் நின்றான். முதலில் என்னைப் பார்த்தான். பிறகு தாளைப் படித்தான். பிரம்பு கையிலிருந்து விழுந்தது. அன்று எனக்குக் கிடைத்த சந்தோஷத்தைப் பாவம் என்று யாராவது சொன்னால் சொல்லட்டும்.

திரும்பியதும் மா லான் கேட்டாள்: "மேஸ்திரி பாத்தாரா? சந்தோசப்பட்டாரா?"

"தன் பெயர் சவப்பெட்டியில் இருந்தால் எவன் சந்தோஷப்படுவான்?"

அவள் விழித்தாள். "அது செத்தவர் பேரு இல்ல தம்பி. பெட்டி குடுத்தவர் பேரு. யாரு பேர ஒட்டுறோமோ அந்தப் புண்ணியம் அவருக்கு. அவரு நோயெல்லாம் போயிரும். ஆயுசு கூடும்."

அன்று கஞ்சி இறங்கவில்லை. என்னைப் பிணமாக்கி அனுப்பியவனுக்கு நானே பலகை இழைத்து ஆயுளைக் கூட்டியிருக்கிறேன்! அதைவிட எரிச்சல் எந்தக் காலிலும் நான் பட்டதில்லை.

சில நாளில் முத்துக்கருப்பன் சங்கத்து வாசலுக்கு வந்தான். கண் குழி விழுந்து, கன்னம் ஒட்டியிருந்தது. தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை என்றான்.

"வேலுத் தம்பி, ஒன் கால்ல விழுறேன். என் பேர எடுத்துருப்பா."

உண்மையிலேயே விழுந்தான். அவன் பிரம்பால் தட்டிய அதே கால்.

சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம் போதும். மா லான் உள்ளே கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தாள். கூப்பிட்டால் அவளே சொல்லியிருப்பாள். நான் கூப்பிடவில்லை.

"அது மண்ணுக்குள்ள போயிருச்சு, மேஸ்திரி" என்றேன்.

இப்போதும் காலையில் எழுந்ததும் கட்டைவிரலால் காலை அழுத்திப் பார்க்கிறேன். குழி விழுவதில்லை. முன்பு காலம் கூலிநாளாய்ப் போனது; இப்போது ஒவ்வொரு நாளும் கேளாமல் வந்த உபரி. அங்கே, டாலாவில், அவனும் தினமும் கண்விழித்து இன்றுதானோ என்று உடம்பைத் தடவிப் பார்ப்பதாகக் கேள்வி. சங்கத்தார் சொன்னது பலித்தால் அவன் இன்னும் வெகுகாலம் அப்படி இருப்பான்.

கால் வீங்கியவர்கள் தவிடு சாப்பிடுங்கள். டாலாப் பக்கம் போகிறவர்கள் அவனைப் பார்த்தால், தயவுசெய்து எதுவும் சொல்லிவிடாதீர்கள்.