ஆஸ்பத்திரிக் கொல்லையில் ஓர் அடுப்பு

மலாயாவில் கிள்ளானைத் தாண்டி, காப்பார் சாலையோர ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்த்தவர் ராஜம்மா. தரை துடைப்பது, மலச்சட்டி கழுவுவது, காய்ச்சல்காரர்களைப் புரட்டிப் படுக்கவைப்பது எல்லாம் அவர் ஒருவரே. 1930களின் தொடக்கம் அது. அவருக்கு நாற்பதுகூட ஆகவில்லை. நடையைப் பார்த்தால் அறுபது.

பிரசவத்துக்கு மட்டும் எந்தப் பெண்ணும் அங்கே வருவதில்லை. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்து அறையிலேயே பெற்றார்கள். ராஜம்மாவுக்குப் பக்கத்து அறை லெட்சுமிக்கு அப்படிப் பிறந்த இரண்டும் ஒரு வாரத்துக்குள் போய்விட்டன. இப்போது மூன்றாவது, நிறைமாதம்.

"இந்தத் தடவ ஆஸ்பத்திரிக்கு வந்துரு தாயி."

"போங்கக்கா. பெத்த ஒடம்புக்குப் பச்சத்தண்ணி, வாய்க்குக் காஞ்ச ரொட்டி. ஜன்னி கண்டு சாவுறதுக்கு அங்க வேற வரணுமா?"

அவள் சொன்னது பொய்யில்லை. அங்கே வெந்நீர் கிடையாது. வீட்டிலிருந்து பூண்டுக் குழம்பு கொண்டுபோனால் வாசலிலேயே திருப்பிவிடுவார்கள்.

பெண்கள் ஏன் வருவதில்லை என்று விசாரிக்க, கோலாலம்பூரிலிருந்து ஒரு வெள்ளைக்கார டாக்டரம்மா வந்தார். அவருக்காக லயத்துக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். பெண்கள் வரிசையாக நின்றார்கள், பக்கத்திலேயே கங்காணி. எதைக் கேட்டாலும் "கொறை ஒண்ணும் இல்லீங்க" என்றார்கள். ராஜம்மாதான் முன்னால் வந்தார்.

"ஒரு அடுப்பு வச்சுக் குடுத்தா வருவாங்கம்மா."

ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொண்ட டிரெசர் சபாபதி அதை ஒழுங்காகத்தான் ஆங்கிலத்தில் சொன்னார். டாக்டரம்மாவும் தலையாட்டினார். ஆனால் பிறகு லோரியில் வந்து இறங்கியவை இரண்டு இரும்புக் கட்டில்கள்.

"கட்டிலு வந்துருச்சில்ல, இன்னும் என்னவாம்?" என்றார் சபாபதி.

"கட்டில்லயா தண்ணி காய்ச்சுறது, ஐயா?"

அன்று வேலை முடிந்ததும் ராஜம்மா கல் தூக்கிவந்து ஆஸ்பத்திரிக் கொல்லையில் அடுப்புக் கூட்டினார். விறகும் தவலையும் அவர் வீட்டுடையவை.

"தொரை கேட்டா என் பேர இழுத்துறாத" என்று சொல்லி, சபாபதி ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

இடுப்புவலி கண்டதும் லெட்சுமி வந்தாள். தவலை கொதிப்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் படியேறினாள். பெண் குழந்தை. அந்தப் பொல்லாத முதல் வாரம் கழிந்தது. குழந்தை பால் குடித்துக்கொண்டே இருந்தது.

பிறகு மற்ற பெண்களும் வரத் தொடங்கினார்கள். விறகு பொறுக்குவதும் தண்ணீர் சுமப்பதும் குழம்பு வைப்பதும் ராஜம்மாவின் பழைய வேலைகளோடு சேர்ந்துகொண்டன. துணைக்கு யாரையும் போடவில்லை.

ஒரு சாயங்காலம் லெட்சுமி பிள்ளையோடு வந்தபோது, அவர் கொல்லைச் சுவரில் சாய்ந்து கண்மூடி உட்கார்ந்திருந்தார்.

"என்னக்கா, புள்ளயத் தூக்க மாட்டீங்களா?"

"மடியில போடு தாயி. கை மேல வரல."