வேலிக் கதவில் பிடிபட்ட சோறு

சோதனைக்காரப் பெண் சொல்வதற்கு முன்பே எங்கள் கைகள் மேலே போய்விடும். மலாயாவில் கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசரகாலம் அது. கோலசிலாங்கூர்ப் பக்கம் எங்கள் ரப்பர்த் தோட்டத்து லய வீடுகளைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். காலையில் பால் வெட்டப் போகும்போது, வேலிக் கதவில் உடம்பைத் தடவி, வாளிக்குள் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். ஒரு பிடிச் சோறுகூட வெளியே போகக் கூடாது என்பது சட்டம். போனால் காட்டுக்குள் துப்பாக்கியோடு இருப்பவர்களுக்குக் கிடைத்துவிடுமாம். வெறும் வயிற்றோடு பால் வெட்டினோம். பசி பழகிவிட்டது, பயம் பழகவில்லை.

அண்ணன் இறந்த பிறகும் அண்ணி தன் சின்ன மகளோடு எங்களுடன்தான் இருந்தார். எனக்கும் அவருக்கும் அடுத்தடுத்த மர நிரை. ஒருநாள் மரங்களுக்கிடையே ஒருவன் வந்து நின்றான். தோளில் துப்பாக்கி. "நாசி, பெசோக்" என்றான். சோறு, நாளைக்கு. பிறகு அண்ணியைப் பார்த்துக் கையைத் தாழ்த்தி, ஒரு குழந்தையின் உயரத்தைக் காட்டிவிட்டுப் போனான்.

அவன் மறைந்ததும் அண்ணியிடம் ஓடினேன். "போலீசுல சொல்லிடலாம் அண்ணி" என்றேன்.

"சொன்னா இவனுங்க சுட்டுருவானுங்க. சோறு கொண்டாந்து குடுத்தா போலீசு உள்ள தள்ளிரும். குடுக்கலன்னா புள்ள போயிரும்" என்றார் அண்ணி.

மறுநாள் காலை அவர் வாளியில் ஓர் இலைப் பொட்டலம் இருந்தது. மறைக்கக்கூட இல்லை. சோதனைக்காரப் பெண் அடுத்த லயத்துக்காரி. பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது. காவலர் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டு, "பாக்காத மாதிரி விடுறேன்க்கா, சீக்கிரம் போயிரு" என்று முணுமுணுத்தாள்.

அண்ணி நகரவில்லை. "நல்லா பாரு லா, சோறுதான். என் பசிக்கு எடுத்துட்டுப் போறேன்" என்று வரிசை முழுவதும் கேட்கும்படி சொன்னார். காவலர் ஓடி வந்தார். லோரியில் ஏற்றும்போது, "புள்ளயப் பாத்துக்க" என்றார் என்னிடம். அப்போதுதான் எனக்குப் புரிந்தது: சோறு கொண்டுவரப் போய்ப் பிடிபட்டவரின் பிள்ளையைக் காட்டிலிருப்பவன் தொடமாட்டான்.

சில நாள் கழித்து அதே துப்பாக்கி ஆள் என் மரத்துக்குப் பின்னால் நின்றான். அண்ணியின் நிரையைக் கண்ணால் காட்டினான். "தங்காப்" என்றேன், பிடித்துவிட்டார்கள் என்று. தெரியும் என்பதுபோல் தலையாட்டிவிட்டு நடந்தான். எங்கள் நிரைக்கு அவன் மறுபடி வரவில்லை.

அந்தத் தோட்டத்தில் இன்று வேலியும் இல்லை, ரப்பரும் இல்லை. எங்கு பார்த்தாலும் எண்ணெய்க்கான செம்பனை. ஆனால் யாராவது பின்னால் வந்து நின்றால் இப்போதும் சட்டென்று திரும்பிப் பார்ப்பேன்.

தண்டனை முடிந்து அண்ணி திரும்பிய அன்று, லயத்துப் பெண்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு சிறையில் என்ன கொடுமை செய்தார்கள் என்று கேட்டார்கள். மகளை மடியில் இறுக்கிக்கொண்டு அவர் சொன்னார்:

"கதவ வெளிய இருந்து பூட்டிருவாங்க. யாரும் உள்ள வர முடியாது. நல்லா தூங்குனேன்."