வார்னிங்கின் மேல் கறுப்பு டேப்

காலையில் ஒரகடம் ஃபேக்டரியில் லேபிள் அடிக்கும் எங்கள் சாஃப்ட்வேர் திறக்கவே இல்லை. உற்பத்தி லைனே நின்றது. திட்டு முழுக்க எனக்கு.

நேற்றுப் போட்ட புது பில்டு, அதாவது சாஃப்ட்வேரின் புதுப் பதிப்பு, லைன் கம்ப்யூட்டரின் பழைய வெர்ஷனோடு ஒத்துப்போகவில்லை. பில்டு செய்யும்போதே வார்னிங் வந்திருக்குமே!

பில்டு செய்த பிரபுவைக் கேட்டேன்.

"வந்துச்சுண்ணா. மஞ்சமஞ்சளா வந்துகினே இருந்துச்சு. செட்டிங்ல ஆஃப் பண்ட்டேன்."

'ஒரு வார்னிங் கூட இல்லை' என்று நேற்று மீட்டிங்கில் இவனுக்குத்தான் கைதட்டினோம். நானும் தட்டினேன், மடையன்.

கொதிப்போடு கம்பெனி பஸ்ஸில் ஏறினேன். டிரைவருக்கு முன்னால் ஒரு விளக்கின் மேல் கறுப்பு டேப்.

"இன்னாண்ணா அது?"

"பிரேக் வார்னிங் சார். எரிஞ்சிகினே கீது. அதான் ஒட்டிட்டேன்."

மண்ணூரிலேயே இறங்கி நடந்துகொண்டிருக்கிறேன். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பைக்கில் போகிறவர்கள் ஏற்றிக்கொள்ளுங்கள். வண்டியில் எங்கேயும் டேப் ஒட்டாதவர்கள் மட்டும்.