சாரத்துக்குக் கீழே லென்ஸ்

கட்டட வேலை நடக்கும் இடங்களில் அவளுக்குத் தூக்குக்குண்டு அக்கா என்று பெயர். ஆள் என்னவோ காற்றடித்தால் பறந்துவிடுவாள் போலிருப்பாள். பெயரில் மட்டும்தான் குண்டு. சுவர் நேராக நிற்கிறதா என்று கொத்தனார் நூலில் குண்டைத் தொங்கவிட்டுப் பார்ப்பாரே, அதற்கு ஈடாக அவள் படங்களைச் சொல்வார்கள். அவள் எடுத்த படத்தில் எந்தச் சுவரும் சாயாது. எந்தத் தூணும் மேலே போகப்போகக் குறுகாது. அதற்குப் பாதிக் காரணம் அவள் கண். மீதிப் பாதி அந்த லென்ஸ்.

மிக அகலமாகப் பார்க்கும் லென்ஸ் அது. கேமராவை அசைக்காமல் லென்ஸை மட்டும் மேலே கீழே நகர்த்தலாம், சற்றுச் சாய்க்கலாம். எட்டு வருடம் கல்யாணங்களுக்குப் படமெடுத்துச் சேர்த்ததோடு ஸ்கூட்டரையும் விற்றுத்தான் வாங்கினாள். அதிலிருந்து பஸ் பயணம்தான். பையைக் காலடியில் வைத்ததே இல்லை. எவ்வளவு கூட்டமென்றாலும் மடியில்.

அதன் முன்கண்ணாடி தவளைக் கண் மாதிரி வெளியே துருத்திக்கொண்டிருக்கும். மற்ற லென்ஸ்களுக்குச் செய்வதுபோல அதன்மேல் ஒரு காப்புக் கண்ணாடியைத் திருகிவைக்க முடியாது. கிண்ணம் போல ஒரு மூடி உண்டு. அதைக் கழற்றிவிட்டால் உலகத்துத் தூசிக்கும் அந்தக் கண்ணாடிக்கும் நடுவில் ஒன்றுமில்லை. கீறல் விழுந்தால் கடல் தாண்டி அனுப்பித்தான் மாற்ற வேண்டும். நான்கு மாதமாவது ஆகும். நான்கு மாதம் கண்ணில் படாதவளை எந்தக் கட்டடக்காரரும் ஞாபகம் வைத்துக் கூப்பிடப் போவதில்லை.

வீட்டில் ஈரம் புகாத சின்ன அலமாரி ஒன்று லென்ஸுக்கென்றே இருந்தது. மருந்துக்கடையில் வேலை பார்க்கும் கணவன், படுக்கப் போகும்போது, மாப்பிள்ளை சௌகரியமாகத் தூங்கிவிட்டாரா என்று கேட்பான். ஒருமுறை அவள் அக்கா பாசத்தோடு முந்தானையால் லென்ஸைத் துடைக்கப் போனாள். துடைக்கவில்லை, போனாள், அவ்வளவுதான். இரண்டு பேருக்கும் ஒரு மாதம் பேச்சுவார்த்தை இல்லை.

அன்று காலை ஒரு புது நூலகத்தின் வாசிப்புக் கூடம். மதியம் அலமாரிகள் வந்து இறங்கும். அதற்குமுன் வெறுமையாக ஒரு படம் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். கூரை இடுக்கு வழியே வெயில் பத்து மணிக்கு இறங்கி, பத்து நாற்பதுக்கெல்லாம் போய்விடும். கூடத்தில் அவளைத் தவிரப் பூச்சுக்காரர் ஒருவர், சக்கரம் வைத்த சாரத்தின்மேல் நின்று கூரை ஓட்டைகளை அடைத்துக்கொண்டிருந்தார்.

சாரத்தை இடப்பக்கம் தள்ளினால் படத்தின் இடப்பக்கத்தில் தெரிந்தது. வலப்பக்கம் தள்ளினால் அங்கேயும் தெரிந்தது. அந்த லென்ஸுக்குத் தெரியாத இடம் அதன் முதுகுப்பக்கம் மட்டும்தான். அதனால் தன் பின்னால் கொண்டுவந்து நிறுத்தச் சொன்னாள். அவர் நின்ற பலகை கேமராவுக்கு மேலே கூரைபோல நீட்டிக்கொண்டு நின்றது. கொஞ்ச நேரம் வேலையை நிறுத்தச் சொல்லிப் பார்த்தாள். குழைத்த கலவை கல்லாகிவிடும், ஜாக்கிரதையாகப் பூசுகிறேன் என்றார் அவர். வெயில் தரையைத் தொட்டுவிட்டது. சரி என்று மூடியைக் கழற்றினாள்.

மூன்றாவது படம் எடுக்கும்போது பொத்தென்று ஒரு சத்தம்.

சாம்பல் நிறக் கலவை, ஒரு சொட்டு. கண்ணாடியின் மேல் விளிம்பில் பட்டு, புடைப்பில் பாதி தூரம் வழிந்து நின்றது. மேலே இருந்தவர் தடதடவென்று இறங்கி வந்தார். கையில் ஈரத்துணி.

"தொடாதீங்க."

"வெண்ணெய் மாதிரிதாம்மா இருக்கு. ஒரே இழுப்புல வந்துடும்."

"அதுல மணல் இருக்குல்ல?"

"இருக்கு. மாவு மாதிரி மணல்."

"அந்த மாவு போதும்."

அவர் துணியைக் கீழே போட்டார். எவ்வளவு நேரத்தில் இறுகும் என்று கேட்டாள். இந்த வெக்கைக்கு ஏழெட்டு நிமிடம், அப்புறம் உளிதான் என்றார். சொல்லிவிட்டு வாசலைப் பார்த்தார். சூப்பர்வைசர் வந்தால் தன் வேலை போய்விடும் என்ற பயம் அவர் முகத்திலேயே தெரிந்தது.

தேய்க்கக் கூடாது, கழுவலாம். ஆனால் லென்ஸ் நகரும் இடத்தில் இடுக்கு இருக்கிறது. அதற்குள் தண்ணீர் இறங்கினால் கண்ணாடி பிழைத்தும் பயனில்லை. அவள் முக்காலியிலிருந்து கேமராவோடு லென்ஸைக் கழற்றி, கண்ணாடி தரையைப் பார்க்க இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். சுவரை நனைக்க அவர் வைத்திருந்த தெளிப்பானைக் கண்ணால் காட்டி, அதை மூன்று தடவை கழுவி, தன் குடிதண்ணீரை அதில் ஊற்றச் சொன்னாள். கீழேயிருந்து மேலே தெளித்தால் தண்ணீர் தரைக்குத்தான் சொட்டும்.

லாரிக்கு அடியில் படுக்கும் மெக்கானிக் போல அவர் மல்லாந்து படுத்தார். முதல் தெளிப்பிலேயே சாம்பல் தண்ணீர் அவர் நெற்றியில் விழுந்தது.

"கண்ணை மூடிக்கோங்க."

"மூடிட்டா எங்க அடிக்கறது?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஒரு கண்ணாடிக்காக இந்த மனிதர் இரண்டு கண்ணையும் சிமெண்ட் தண்ணீருக்குக் காட்டிக்கொண்டு கிடக்கிறார். கையை எடுக்க வழியில்லை. குனிந்து முகத்தை நீட்டினாள்.

"என் மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கோங்க."

அவர் தயங்கி, இரண்டு விரலால் உருவி மாட்டிக்கொண்டார். நாற்பதைத் தாண்டினால் கிட்டத்தில் பார்க்கப் போடுகிற கண்ணாடி அது. அவருக்கும் அவள் வயதிருக்கும்.

"அட, இது நல்லாத் தெரியுதே," என்றார்.

அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. கையில் இருப்பது கலங்கிய ஒரு கறுப்பு உருண்டை. தூசி தட்டக்கூட யாரையும் விடாத பொருளை இனி அவர் வாய்ச்சொல்லைக் கொண்டுதான் பார்க்க வேண்டும். தெளிப்பான் புஸ் புஸ்ஸென்றது. விளிம்பு விட்டுவிட்டது என்றார். நடுவில் கரைகிறது என்றார். தரையில் சொட்டும் சத்தத்தை எண்ணிக்கொண்டு நின்றாள்.

"ஒரே ஒரு பொடி நிக்குது. நகத்தால தட்டிடட்டுமா?"

"வேணாம். தண்ணியே அடிங்க."

"தீரப்போகுதும்மா."

"தீரட்டும். அடிங்க."

ஐந்து தடவை அழுத்தினார். ஆறாவது தடவை காற்றுதான் வந்தது.

"போயிடுச்சு."

"நிஜமாவா?"

"உங்க கண்ணாடி வழியாதானே பாக்கறேன். நம்புங்க."

நம்பினாள். மெல்லிய காகிதத்தின் நுனியை நீர்த்துளிகளின்மேல் படாமல் பட வைத்து ஈரத்தை உறிஞ்சி எடுத்தாள். மூக்குக்கண்ணாடியைத் திரும்ப வாங்கிப் போட்டுக்கொண்டு ஜன்னலருகே போய்ச் சாய்த்துப் பார்த்தாள். கீறல் இல்லை. சொட்டு நின்ற இடத்தில் மட்டும் பாதிப் பருப்பளவுக்கு மங்கலாக ஒரு வட்டம். கண்ணாடியின் மேல்பூச்சைக் கலவையிலிருந்த சுண்ணாம்பு தின்றுவிட்டிருந்தது. அது இனிப் போகாது.

சூப்பர்வைசர் உள்ளே வந்து, நனைந்து நின்ற பூச்சுக்காரரை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னய்யா, லைப்ரரியில குளிக்கறியா?"

பூச்சுக்காரர் அவளைப் பார்த்தார்.

"சாரத்தை நான்தான் என் தலைக்கு மேல கொண்டுவரச் சொன்னேன்," என்றாள். "பத்து நிமிஷம் குடுங்க. இவர் கீழேயே இருக்கட்டும்."

வெயில் சுவரோரம் போய்விட்டிருந்தது. எஞ்சியதை வைத்து நான்கு படம் எடுத்தாள். தூண்கள் நேராக நின்றன. ஜன்னல் எதிரே வந்த ஒரு படத்தில் மட்டும் நடுவில் பால் கலந்தது போல ஒரு வெளுப்பு. அதை அழித்தாள்.

இப்போதெல்லாம் வேலைக்குக் கூப்பிடுகிறவர்களிடம் வெயில் எந்தப் பக்கம் வரும் என்று முதலில் கேட்டுக்கொள்கிறாள். எதிர்வெயில் என்றால் வேறு நேரம் சொல்கிறாள். மேலே யாராவது வேலை செய்துகொண்டிருந்தால் அவர் இறங்கி வரும்வரை மூடியைக் கழற்றுவதில்லை. வெளிச்சம் போனால் போகட்டும் என்று மறுநாளும் பஸ் ஏறி வருகிறாள்.