கண்டி வீதியில் கதவு பூட்டுகிறவன்

என் தொழில் கடைகளுக்கு ரோலர் கதவு பூட்டுவது. எங்கள் பேச்சில் புதுக்கதவைப் பொருத்துவதும் பூட்டுவதுதான், நடந்த கடையைச் சாத்துவதும் பூட்டுவதுதான் என்பதால், இரண்டுக்கும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

கப்பல்துறைப் பக்கம் கண்டி வீதியில் ஐந்து அறைகள் கொண்ட ஒரு கடைத்தொகுதி இருக்கிறது. ஐந்து கதவுகளையும் நானும் என் கூட்டாளி நிசாரும்தான் பூட்டினோம். நீங்களும் எப்போதாவது ஒரு கடையைத் திறந்து வைத்துவிட்டு, வீதியில் போகிற ஒவ்வொரு முகத்தையும் இது வருமா வராதா என்று பார்த்துக்கொண்டிருந்தவர் என்றால், இதில் பாதியை நான் சொல்லாமலே உங்களுக்கு விளங்கும்.

முதல் தூக்கு

முதல் அறையை எடுத்தவர் கிளிவெட்டியைச் சேர்ந்த தவமணி அக்கா. பதினொரு வருஷம் குவைத்தில் வீட்டு வேலை செய்துவிட்டு வந்து பான்சிக் கடை போட்டார். கதவைக் கையளிக்கும் முன் நாலைந்து தரம் ஏற்றி இறக்கிப் பார்ப்பது எங்கள் வழக்கம். நிசார் குனிந்து கை வைக்கப் போனான். அக்கா ஓடிவந்து மறித்தார். "தம்பி, தொடாதேங்கோ."

சுருள்வில் இன்னும் இளகவில்லை, தூக்கப் பாரமாக இருக்கும் என்று சொன்னேன். கேட்கவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினார். கதவு அரைவாசியில் இறுகி நின்றது. நிசார் உதவிக்குப் போக, நான் அவன் தோளைப் பிடித்து நிறுத்தினேன். அக்கா தோளைக் கொடுத்து மிச்சத்தையும் ஏற்றினார்.

உள்ளே வெறும் சீமெந்து நிலமும் எங்கள் வயர்ச் சுருளும்தான் கிடந்தன. அவர் பூட்டிலிருந்து உருவிய திறப்பைக் கைக்குள் பொத்திக்கொண்டு, வாசலில் நின்று அந்த வெறும் நிலத்தையே பார்த்தார். பிறகு எங்களைத் திரும்பிப் பார்க்காமல் சொன்னார்: "அந்த வீட்டில மணி அடிக்கிற ஆக்களுக்கெல்லாம் ஓடிப்போய்க் கதவு திறந்தனான். பதினொரு வருஷத்தில வெளிக்கதவுத் திறப்பை ஒருநாளும் என்ர கையில தரேல்ல."

வெள்ளிக்கிழமை வரைக்கும்

இரண்டாவது அறையில் சுரேஷ் கைத்தொலைபேசி திருத்திக்கொண்டிருந்தார். சந்தியில் பெரிய கடை ஒன்று வந்த பிறகு அவரிடம் ஆட்கள் வருவது குறைந்துவிட்டது. ஒருநாள் கட்டிட முதலாளி எனக்கு அழைத்து, "அவர் அறையை விட்டுட்டார், பூட்டை மாத்தி விடுங்கோ" என்றார்.

காலை ஒன்பது மணிக்குப் போனேன். கதவு முழுக்கத் திறந்திருந்தது. கண்ணாடி அலுமாரிகள் இல்லை, மேசை இல்லை. நடுவில் ஒரு பிளாஸ்டிக் கதிரை. அதில் மடிப்புக் கலையாத சேட்டோடு சுரேஷ் இருந்தார், பக்கத்தில் நிலத்தில் சாப்பாட்டுப் பார்சல். என்னைக் கண்டதும் வாடிக்கையாளர் என்று நினைத்து எழும்பிவிட்டார். நான்தான் என்று தெரிந்ததும் மெல்லத் திரும்பவும் கதிரையில் இருந்தார்.

சாமான்களை விற்று ஒரு கிழமை ஆகியிருந்தது. வீட்டுக்கு இன்னும் சொல்லவில்லை. மனைவி காலையில் சோறு கட்டிக் கொடுக்கிறார், இவர் வந்து கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பின்னேரம் வரைக்கும் இருக்கிறார். மகள் ஓ.எல். பொதுச்சோதனை எழுத பஸ்ஸில் போகும்போது இந்தப் பக்கம் பார்த்துக் கை காட்டுவாளாம்; சோதனை வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. நான் முதலாளிக்கு அழைத்து, வேலை நெருக்கம், அடுத்த கிழமைதான் வர ஏலும் என்று பொய் சொன்னேன். சுரேஷ் என் கையைப் பிடித்தார். "நான் தோத்தது அவளுக்குப் பிறகு தெரியட்டும் அண்ணை. வெள்ளிக்கிழமை வரைக்கும் அவள் எழுதட்டும்."

வராத பூட்டு

இது என் பிழை. மறைக்காமல் சொல்கிறேன்.

மூன்றாவது அறையில் கிண்ணியாவைச் சேர்ந்த ஹனீபா அண்ணன், எங்கள் பேச்சில் ஹனீபா நானா, மருந்துக்கடை திறந்தார். மோட்டார் வைத்த கதவு கேட்டார். அப்படிப்பட்ட கதவுக்கு, மின்சாரம் நின்றால் வெளியிலிருந்து கையால் திறப்பதற்கென்று தனியாக ஒரு பூட்டு வைக்க வேணும். அது கொழும்பிலிருந்து வந்து சேரவில்லை. "வந்தவுடனே போட்டுத் தாறன், நீங்கள் திறவுங்கோ" என்றேன். பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலம் அது. மின்சாரமும் நினைத்த நேரம் போகும்.

ஒரு நாள் பகல், நானா தொழுகைக்காகக் கதவை இறக்கிவிட்டுப் போய் வந்தபோது மின்சாரம் இல்லை. கடைவாசலில் சீமெந்து படிந்த உடுப்போடு ஒரு மேசன் சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். வீட்டில் ஆறு வயதுப் பிள்ளைக்கு மூச்சிழுப்பு, வாயில் அடிக்கிற மருந்துப் பம் முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அயலில் ஒரு ஓட்டோவிலும் பெற்றோல் இல்லை. நானா எனக்கு அழைத்தார். நாங்கள் அடுத்த ஒழுங்கையில்தான் வேலை செய்துகொண்டிருந்தோம், ஓடிப்போனோம். மின்சாரம் இல்லாமல் வெட்டுகிற மெஷின் வேலை செய்யாது. பூட்டி இரண்டு கிழமைகூட ஆகாத கதவு. உளியைத் தகட்டில் வைத்தபடி நான் ஒரு கணம் தயங்கினேன். "கதவு கிடக்கட்டும், வெட்டுங்க!" என்று நானா சத்தம் போட்டார்.

இருபது நிமிஷம் பிடித்தது. அந்த மனிதர் சைக்கிள் மணியை விரலால் தடவிக்கொண்டே நின்றார். ஒரு ஆள் நுழையுமளவு தகடு விலகியதும் நிசார் படுத்தபடி உள்ளே போனான். நானா வெளியே நின்று எந்தத் தட்டு, எந்தப் பெட்டி என்று சொல்லச் சொல்ல, பம்மை எடுத்து நீட்டினான். மேசன் வாங்கிக்கொண்டு பறந்தார். எங்களுக்கு அவர் வீடும் தெரியாது, நம்பரும் தெரியாது.

அடுத்த நாள் விடிய நானும் நானாவின் கடைப் படிக்கு வந்துவிட்டேன்; மேசன் வந்து, பிள்ளை நித்திரை கொண்டான், கஞ்சி குடித்தான் என்று சொன்ன பிறகுதான் எழும்பினேன். அவர் போன பிறகு நானா படியில் இருந்துகொண்டு, ஏசாமல், ஆறுதலாகச் சொன்னார்: "பூட்டு இல்லாம கதவத் தந்தது நீங்க. தெரிஞ்சுகொண்டே கடையத் திறந்தது நான். அந்தப் புள்ளைக்கி ஏதும் நடந்திருந்தா, நாம ரெண்டு பேரும் யார்ர முகத்துல முழிக்கிற தம்பி?"

உப்புக்காற்று

நாலாவது அறை செல்லத்துரை அண்ணையின் தேத்தண்ணிக் கடை. வீதிக்கு அந்தப் பக்கம், நேரெதிரே, ரபீக் நானாவின் தேத்தண்ணிக் கடை. ஏழு வருஷம் இரண்டு பேருக்கும் நல்ல கதை கிடையாது. லொறி எவர் வாசலில் நிற்கிறது என்பதில் தொடங்கி, வீதி முழுக்கக் கேட்க ஏசிக்கொள்வார்கள். பிறகு செல்லத்துரை அண்ணைக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. கடை மூடி நாலு மாதம் ஆனது.

ரபீக் நானா எங்களைக் கூப்பிட்டார். அவருடைய கதவில் ஏதோ பழுது என்று நினைத்துப் போனோம். அவர் வீதியைக் கடந்து எங்களைக் கூட்டிக்கொண்டு போய்ச் செல்லத்துரை அண்ணையின் கதவைக் காட்டினார். துறைமுகத்துப் பக்கத்து உப்புக்காற்றில் அடித்தகடு துருப்பிடித்து, ஓரங்கள் இறுகியிருந்தன. சுரண்டி எண்ணெய் போடச் சொன்னார். அண்ணையின் மனைவியிடம் கேட்டுத் திறப்பும் வாங்கி வைத்திருந்தார்.

நிசார் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறவன் இல்லை. "நானா, அவர் திரும்பி வந்தா உங்கட யாவாரமெல்லோ குறையும்?" என்று கேட்டுவிட்டான். நானா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "ஏழு வருஷம் ஏசின மனிசன். வந்து கதவு தூக்க ஏலாம நிண்டா, அதுக்கும் என்னத்தான் ஏசுவார். நல்லாப் போடுங்க எண்ணெய."

கடைசி அறை

ஐந்தாவது அறையை எடுத்தது நான்தான். பூட்டு, பிணைச்சல், கைபிடி, கதவுச் சாமான்கள் எல்லாம் ஒரே இடத்தில் என்று போர்ட் போட்டேன். ஆனால் ஒருவரும் வீடு கட்டாத காலத்தில் பிணைச்சல் யாருக்கு வேணும்? எட்டாவது மாதம் சாமான்களைப் பெட்டிகளில் அடுக்கினோம். நிசார் சாமான் வைக்கிற தட்டு ராக்கைகளைக் கழற்றினான். என் கதவை நானே இறக்கினேன். அந்தச் சத்தம் எனக்குப் பழக்கமானதுதான், ஆனாலும் அன்றைக்குக் கதவை ஒருதரம் திரும்ப ஏற்றி இறக்கிவிட்டுத்தான் பூட்டினேன்.

போன மாதம் நிலாவெளியிலிருந்து ஒரு இளம் சோடி அந்த அறையில் பழ யூஸ் கடை போட வந்தார்கள். கதவைச் சரிபார்க்க முதலாளி என்னையே அனுப்பினார். அந்தப் பெண்பிள்ளை ஒவ்வொரு சுவராகத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள். முன்பு இங்கே கடை வைத்திருந்தவர் எப்படிப்பட்டவர் என்று கேட்டாள். நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. "நல்ல மனுசன் பிள்ளை. கவனமா வேலை செய்யிறவர், தொழிலும் தெரிஞ்சவர்" என்றேன். அவள் என் முகத்தையே பார்த்தபடி கேட்டாள்: "அப்ப ஏன் அண்ணை பூட்டினவர்?"

கதவு ஏன் ஏறவில்லை என்று கேட்டால் தொட்டவுடனே சொல்லிவிடுவேன். கடை ஏன் ஓடவில்லை என்று கேட்டால் மட்டும், பதினாறு வருஷ அனுபவமும் தலையைச் சொறிந்துகொண்டு நிற்கிறது.