மூன்றாவது தொட்டியின் எடை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பேய் பிசாசு காற்று கருப்பு எதிலும் நம்பிக்கை கிடையாது. கல்லூரி நாட்களில் முதலியார்பேட்டைக்கு வீடு திரும்பும்போது, மற்ற பெண்கள் கல்லறைத் தோட்டத்து வழியை விட்டுவிட்டுச் சுற்றிக்கொண்டு போவார்கள், நான் மட்டும் அந்த வழியாகவே ஸ்கூட்டியை விரட்டிக்கொண்டு வருவேன். அதனால் இதைச் சொல்லும்போது நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது. வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன். இன்னொன்று, இந்த மாதிரிக் கதையெல்லாம் நள்ளிரவில்தான் நடக்கும் என்பார்கள். இது நடந்தது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாட்டுக்கு அப்புறம்.

இரண்டாயிரத்து ஆறோ ஏழோ, ஐப்பசி அடைமழை. சேதராப்பட்டில் ஒரு மாட்டுத்தீவனத் தொழிற்சாலை. உள்ளே நுழைந்ததுமே கடலைப் புண்ணாக்கும் வெல்லப்பாகும் கலந்த வாசனை மூக்கில் ஏறி உட்கார்ந்துகொள்ளும், வீட்டுக்குப் போய்த் தலைக்குக் குளித்தாலும் போகாது. அங்கே தீவனம் கலக்கும் தொட்டிகள் மூன்று, ஒவ்வொன்றும் ஒரு சின்ன அறை அளவு, உள்ளே ஆள் நீளத்துக்கு இரும்புத் தகடுகள் சுழலும். ஒவ்வொரு தொட்டிக்குப் பக்கத்திலும் ஒரு பேனல், அதற்குள் பி.எல்.சி. என்று நாங்கள் சொல்கிற கட்டுப்பாட்டுப் பெட்டி. மோட்டாரை ஓட்டுவது, நிறுத்துவது, தொட்டிக்குள் எத்தனை கிலோ இருக்கிறது என்று பார்ப்பது எல்லாம் அதன் வேலை. அதுவரை ஆட்கள் தொட்டி தொட்டியாக ஓடிப்போய் பட்டன் அமுக்கிக்கொண்டிருந்தார்கள். இனி மாடியில் இருக்கிற கண்ணாடி அறையில் ஒரே ஒரு டச் ஸ்க்ரீன், அதிலிருந்து மூன்றையும் ஓட்டவேண்டும், அதற்காக எல்லாவற்றையும் ஈதர்நெட் கேபிளில் இணைத்துக் கொடுப்பதுதான் எங்கள் கம்பெனி எடுத்த வேலை. என்னைத் தனியாக அனுப்பியிருந்தார்கள்.

முதல் இரண்டு தொட்டிகளும் காலையிலேயே பேசிவிட்டன. பேசுவது என்றால், ஒவ்வொரு பெட்டிக்கும் கதவு எண் மாதிரி ஒரு முகவரி கொடுப்போம், ஸ்க்ரீன் அந்த முகவரியைக் கூப்பிடும், பெட்டி பதில் சொல்லும், எடை எண்ணாக வந்து நிற்கும். மூன்றாவதில் மட்டும் சிக்கல். போன வாரத்து இடியில் அதன் நெட்வொர்க் கார்டு கருகிப்போயிருந்தது. நானே அதைக் கழற்றி எடுத்து என் பைக்குள் வைத்திருந்தேன். கேபிளின் நுனியில் டேப் சுற்றி பேனலுக்குள் தொங்கவிட்டிருந்தேன். புது கார்டு வரும்வரை மூன்றாவதைப் பழையபடி கீழே பட்டன் அமுக்கித்தான் ஓட்டவேண்டும். ஸ்க்ரீனில் மூன்றாவது தொட்டியின் படம் இருந்தது, எடை வரவேண்டிய கட்டத்தில் வெறும் கோடுகள். அந்த முகவரியில் பதில் சொல்ல ஆள் இல்லை என்று அர்த்தம்.

அன்றைக்கு அந்த இடத்தில் நாங்கள் மூன்றே பேர். நான், பராமரிப்பு அதிகாரி அந்துவான் சார், அப்புறம் வேலு. அந்துவான் சாரின் அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், வீட்டில் எல்லோருக்கும் அந்த நாட்டுக் குடியுரிமை, மகன் பாரிஸ் பக்கம் வேலையில் இருந்தார். இவர் மட்டும் ஊரை விட்டுப் போகமாட்டேன் என்று இங்கேயே கிடந்தார். வேலு பக்கத்துக் கிராமம், காலையில் நிலத்தைப் பார்த்துவிட்டு வேலைக்கு வருகிற ஆள், நல்ல கனத்த உடம்பு.

சாப்பிட்டு முடித்ததும் மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரை, பக்கத்தில் நிற்கிறவர் பேசினாலும் கேட்காது. அந்துவான் சார் மாடிக்கு வந்தார்.

"ஏம்மா கலைவாணி, மூணாவதுக்குப் புது பெல்ட்டு மாட்டியாச்சு. கீழ போய் ஒரு தட்டு தட்டிப் பாத்துட்டு வந்துடறேன், சரியா சுத்துதான்னு."

"வேலு எங்க சார்?"

"டீ வாங்கியாரேன்னான், போயிருப்பான். நீ உன் வேலையப் பாரு."

அவர் இறங்கிப் போனார். கண்ணாடி வழியாகப் பார்த்தால் கீழே கடைசிக்கோடியில் மூன்றாவது தொட்டியின் பேனல் தெரியும், தொட்டியின் மேல்பக்கம் தெரியாது, ஒரு தூண் மறைக்கும். நான் ஸ்க்ரீனைத் திரும்பிப் பார்த்தேன்.

மூன்றாவது தொட்டியில் கோடுகள் இல்லை. நாற்பத்தெட்டு என்று இருந்தது.

எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. ஏதோ முகவரியைத் தப்பாகப் போட்டிருக்கிறேன், இரண்டாவது தொட்டியின் எண் இங்கே வருகிறது என்று நினைத்தேன். பார்த்தால் இரண்டாவது சுழியம், முதலாவதும் சுழியம். லேப்டாப்பை எடுத்து மூன்றாவதின் முகவரியைக் கூப்பிட்டுப் பார்த்தேன். பதில் வந்தது. நம்பினால் நம்புங்கள், கார்டு என் பைக்குள் இருக்கிறது, அந்த முகவரியிலிருந்து பதில் வருகிறது. அப்போதுதான் கவனித்தேன், அந்த எண் நிலையாக நிற்கவில்லை. நாற்பத்தெட்டு, நாற்பத்தேழு, நாற்பத்தொன்பது, மறுபடி நாற்பத்தெட்டு. மூட்டையோ இரும்போ கிடந்தால் எண் அப்படி ஆடாது. எடை சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க அவசரத்துக்கு நாங்கள் ஆளையே தொட்டிக்குள் நிறுத்திப் பார்ப்பதுண்டு. நின்றபடி கால் மாற்றும் மனிதனின் எடை இப்படித்தான் ஆடும். அதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

தொட்டிக்குள் யாரோ நிற்கிறார்கள்.

கண்ணாடி வழியாகப் பார்த்தேன், அந்துவான் சார் பேனல் கதவைச் சாத்திவிட்டு மெயினைப் போட்டுக்கொண்டிருந்தார். செல்போனில் கூப்பிட்டேன், எடுக்கவில்லை, அந்த மழையில் மணி எங்கே கேட்கும். கண்ணாடியைத் தட்டினேன், கத்தினேன். பிறகு இரும்புப் படியில் எப்படி இறங்கினேனோ, புண்ணாக்குத் தூள் ஈரத்தில் வழுக்க, விழுந்து எழுந்து ஓடினேன். அவர் கை பச்சை பட்டனுக்குப் போகிறது. இன்னும் பாதித் தூரம் இருக்கிறது. தலையிலிருந்த ஹெல்மெட்டைக் கழற்றி வீசினேன். அது அவர் முதுகில் பட்டுத் தெறித்தது. கோபமாகத் திரும்பினார்.

"இன்னாம்மா பண்ற?"

"உள்ள ஆள் சார்! தொட்டிக்குள்ள ஆள் நிக்குது!"

அவர் மெயினை இறக்கினார். இரண்டு பேரும் ஏணியில் ஏறினோம். மேல்மூடி திறந்தே கிடந்தது. எட்டிப் பார்த்தால் உள்ளே அந்தத் தகடுகளுக்கு நடுவில் வேலு குனிந்து, ஒட்டிக்கிடந்த வெல்லப்பாகைச் சுரண்டிக்கொண்டிருக்கிறார். எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே பயந்துபோனார்.

"இன்னா சார், இன்னா ஆச்சு?"

அந்துவான் சார் கடவுளே என்பதைப் பிரெஞ்சில், "மோன் தியே, மோன் தியே" என்று அதையே சொல்லிக்கொண்டு வேலுவின் கையைப் பிடித்து மேலே இழுத்தார். மூடி திறந்திருந்தால் மோட்டார் ஓடக்கூடாது என்று ஒரு பாதுகாப்பு சுவிட்ச் உண்டு. அதை யாரோ அவசரத்துக்கு ஒரு துண்டு ஒயரை வைத்து ஏமாற்றியிருக்கிறார்கள். பட்டனை அமுக்கியிருந்தால் ஓடியிருக்கும், சந்தேகமே இல்லை. டீ வாங்கக் கிளம்பின வேலு மழையைப் பார்த்து நின்றிருக்கிறார், சும்மா இருப்பானேன், இந்தத் தொட்டிக்குக் காலையிலிருந்து கரண்ட்டுதான் இல்லையே என்று உள்ளே இறங்கியிருக்கிறார்.

கொஞ்சம் மூச்சு வந்ததும் அந்துவான் சார் கேட்டார். "உனக்கு எப்பிடிம்மா தெரிஞ்சுது? மேலயிருந்து பாத்தா இது தெரியாதே."

"ஸ்க்ரீன்ல எடை வந்துது சார்."

"எந்த ஸ்க்ரீன்ல? மூணாவதுல கார்டே இல்லன்னு நீதான சொன்ன?"

பேனலைத் திறந்தோம். கார்டு இருந்த இடம் காலி. கேபிள் டேப் சுற்றியபடியே தொங்குகிறது. மூன்று பேரும் மாடிக்குப் போனோம்.

ஸ்க்ரீனில் மூன்றாவது தொட்டி இன்னும் நாற்பத்தெட்டு காட்டிக்கொண்டிருந்தது. வேலு என் பக்கத்தில் நிற்கிறார். அது நாற்பத்தெட்டு, நாற்பத்தேழு, நாற்பத்தெட்டு என்று ஆடிக்கொண்டிருக்கிறது.

"நானு எழுவத்தி ரெண்டு கிலோ மேடம்," என்றார் வேலு மெதுவாக. "போன மாசம்தான் ஆஸ்பத்திரில ரத்தம் குடுக்கச் சொல்லோ பாத்தாங்க."

எனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்தேன். அறைச் சுவரிலிருந்த இணைப்புப் பெட்டியில் முதல் தொட்டியின் கேபிளைப் பிடுங்கினேன், அதன் கட்டத்தில் கோடுகள் வந்தன. இரண்டாவதைப் பிடுங்கினேன், அங்கேயும் கோடுகள். கடைசியில் ஸ்க்ரீனுக்கே வருகிற கேபிளை உருவிக் கையில் வைத்துக்கொண்டேன். இனி அதற்கு வெளி உலகமே கிடையாது. மூன்றாவதின் எண் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது.

அந்துவான் சார் சிலுவை போட்டுக்கொண்டார். "நான் கீழ போய் கரண்ட்ட மொத்தமா எறக்கிடறேன். வா வேலு," என்று அவரையும் கூட்டிக்கொண்டு இறங்கினார்.

அப்புறம் என்ன ஆனது என்றால், வெளியே பார்க்க ஒன்றுமே ஆகவில்லை. புது கார்டு வந்தது, போட்டேன், மூன்று தொட்டியும் ஒழுங்காகப் பேசின. ஸ்க்ரீன் செய்த கம்பெனிக்காரர்கள் இடியில் நினைவகம் கெட்டிருக்கும், பழைய எண்ணைக் காட்டியிருக்கும் என்றார்கள். பழைய எண் எப்படி ஆடும்? அங்கே யாராவது செத்திருக்கிறார்களா என்று விசாரிக்காமல் இருப்பேனா? ஒருத்தரும் இல்லை. கட்டிடம் புதுசு, அதற்கு முன்னால் அது சவுக்குத் தோப்பு, அவ்வளவுதான். அந்துவான் சார் அடுத்த வருஷமே மகனிடம் போய்விட்டார். வேலு மகள் கல்யாணத்துக்கு என்னை வீட்டுக்கு வந்து அழைத்தார், போயிருந்தேன், சாப்பாட்டு வரிசையில் என் இலைக்குப் பக்கத்தில் நின்று அவரே பரிமாறினார். ஒரு உயிர் பிழைத்தது, நல்லதாகத்தான் முடிந்தது, அது எதுவாக இருந்தாலும் நல்லதுதான் செய்தது என்று என் வீட்டுக்காரர் சொல்வார்.

ஆனால் அன்றைக்கு அந்துவான் சாரும் வேலுவும் கரண்ட்டை இறக்கப் போன பிறகு நான் பார்த்ததை அவரிடம்கூடச் சொன்னதில்லை.

கேபிள் என் கையில் இருக்கிறது. அறையில் நான் மட்டும். மூன்றாவது தொட்டியின் எண் இறங்கியது, நாற்பது, இருபது, சுழியம். போய்விட்டது என்று நினைத்தேன். ஒரு மூச்சு விட்டிருப்பேன். இரண்டாவது தொட்டியின் கட்டத்தில் கோடுகள் மறைந்து நாற்பத்தெட்டு வந்தது. கொஞ்சம் நின்றது, ஆடியது, சுழியமானது. அப்புறம் முதல் தொட்டி. நாற்பத்தெட்டு. மூன்றாவது கடைசிக்கோடியில் இருக்கிறது, முதலாவது எங்கள் படிக்கட்டுக்கு அடியில். நான் அதைப் பார்த்துக்கொண்டே நிற்கிறேன், அதுவும் சுழியமானது. அதே நேரம் கரண்ட் போய் ஸ்க்ரீன் கறுத்தது.

மழை கொஞ்சம் அடங்கியிருந்தது, இருட்டில் கீழேயிருந்து அந்துவான் சாரின் குரல் கேட்டது.

"வேலு, மறுபடியும் எதுக்குடா படியேறற?"

"நான் எங்க சார் ஏர்றேன், உங்க பக்கத்துலதான நிக்கறேன்."

அந்தப் படியில் நான் எப்படி இறங்கி வந்தேன் என்பது மட்டும் இன்றுவரை எனக்கு ஞாபகம் இல்லை.